நல்ல நாளில்தான் ஜாக்கிரதை: தீராத வலியோடு வேலைகளை அளந்து செய்வது எப்படி

முதல் தடவை பிசியோதெரபிஸ்ட் என்னிடம் "நீங்க பேசிங் பண்ணணும்மா" என்றபோது, நான் நிறையப் பேசுகிறேன், அதைக் குறைக்கச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். கூட வந்திருந்த வீட்டுக்காரர் முகத்தில் ஒரு சந்தோஷம் வேறு. அப்புறம் அவர் விளக்கியது இதுதான்: ஒரு வேலையை உடம்பு தாங்கும் அளவுக்குத் துண்டு போட்டு, நடுவில் ஓய்வு வைத்து, வலி வந்து நிறுத்தச் சொல்வதற்கு முன்பே நாமாக நிறுத்திக்கொள்வது. கேட்க இவ்வளவுதான். எனக்குப் பழக ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீடு, புதுச்சேரியில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் கணக்கு வேலை, சிக்குன்குனியா வந்துபோனதிலிருந்து விடாத மூட்டுவலி, அதோடு ஒட்டிக்கொண்ட அசதி, இதுதான் நான். அந்தக் காய்ச்சலின் பெயரே ஆப்பிரிக்காவின் மகோந்தே மொழியில் வளைந்து போவது என்ற பொருளில் வந்ததாம், ரொம்பப் பொருத்தம். 2006-ல் தமிழ்நாட்டில் அது பரவியபோது எங்கள் தெருவில் பாதிப் பேர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தது நினைவிருக்கிறது. பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் சரியாகிவிட்டது, சிலருக்கு மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் நீண்டது. பின்னாளில் எனக்கு வந்தபோது நானும் அந்தச் சிலரில் ஒருத்தி ஆனேன். உங்களுக்குக் காரணம் வேறாக இருக்கலாம், முதுகுவலி, முடக்குவாதம், உடம்பு முழுக்க வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா, கோவிட்டுக்குப் பிறகு தங்கிவிட்ட அசதி, எதுவானாலும் கீழே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும். பொருந்தாத ஓர் இடம் இருக்கிறது, அங்கே தனியாகச் சொல்கிறேன், அதைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்.

முதலில் டாக்டர்

மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அதை நாள்பட்ட வலி என்று மருத்துவத்தில் சொல்கிறார்கள். அப்படி ஆகிவிட்டது என்று நாமே முடிவு கட்டுவதற்கு முன் ஒருமுறை முழுசாகப் பரிசோதித்துவிடுங்கள். ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, பி12, வைட்டமின் டி குறைவு எல்லாமே அசதியாகவும் உடம்புவலியாகவும் வேஷம் போடும், அவற்றுக்கு நேரடி மருந்து உண்டு. காலையில் எழுந்ததும் விரல் மடக்க முடியாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைத்திருந்தால், மூட்டு வீங்கியிருந்தால், முடக்குவாதமா என்று சீக்கிரம் பார்க்க வேண்டும், அதில் மருந்தைத் தள்ளிப்போட்டால் மூட்டே சிதைந்துவிடும். காரணமில்லாமல் எடை குறைவது, விடாத காய்ச்சல், கால் மரத்துப்போய் வலு இழப்பது, சிறுநீர் மலம் கட்டுப்பாடு இல்லாமல் போவது, நெஞ்சுவலி, இவற்றுக்கெல்லாம் அளந்து செய்வது பதில் இல்லை, உடனே ஆஸ்பத்திரி. எனக்கு ஒரு டாக்டர் "எல்லாம் மனசுதாம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார், இன்னொருவரிடம் போய்த்தான் விஷயம் தெரிந்தது. அதனால் ஒருவர் சொன்னதோடு விட்டுவிடாதீர்கள்.

மெடிக்கலில் "உடம்பு வலிக்குது, ஒரு வேளைக்குக் கொடுங்க" என்று வாங்கிப் போடும் பழக்கம் இருந்தால் இங்கேயே நிறுத்துங்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு அந்தத் தெம்பில் கூடுதலாக வேலை செய்வது இரண்டு மடங்கு நஷ்டம், வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு, மாத்திரை இறங்கியதும் வலியும் முன்னைவிட மோசம்.

வலி ஏன் இப்படி நடந்துகொள்கிறது

புதுசாக வரும் வலி ஒரு தகவல், சூடு பட்டது, சுளுக்கியது என்று சொல்கிறது. நாள்பட்ட வலி பல சமயம் அப்படி இல்லை. ஒரு தடவை திருடன் வந்துபோன வீட்டில் நாய் எப்படி இருக்கும்? பால்காரரைப் பார்த்தாலும் குரைக்கும், காய்ந்த இலை விழுந்தாலும் குரைக்கும். நரம்பு மண்டலமும் நாளாக ஆக அப்படி உஷாராகிவிடுகிறது, சின்ன வேலைக்கும் பெரிய சத்தம் போடுகிறது. வலிப்பது நிஜம், ஆனால் ஒவ்வொரு வலியும் உள்ளே ஏதோ உடைகிறது என்று அர்த்தமில்லை. இது புரிந்த பிறகுதான் எனக்குப் பயம் கொஞ்சம் குறைந்தது. நாயை அடித்து அடக்க முடியாது, தினமும் ஒரே நேரத்தில் ஒரே ஆள் ஒரே மாதிரி வந்துபோனால் மெல்லப் பழகும். உடம்பிடம் நாம் செய்யப்போவதும் கிட்டத்தட்ட அதுதான்.

இதற்கு நேர் எதிராக நாம் எல்லாரும் செய்வது என்ன தெரியுமா? வலி இல்லாத நாள் வந்தால் ஒரு வாரத்து வேலையை அன்றைக்கே முடிப்பது, அப்புறம் மூன்று நாள் படுப்பது. ஒரு போகிக்கு முன் இப்படித்தான், காலையில் எழுந்தால் உடம்பு இறகு மாதிரி இருந்தது, விட்டால் கிடைக்காது என்று பரணை இறக்கி, ஃபேன் துடைத்து, திரைச்சீலையெல்லாம் ஊறவைத்துத் துவைத்து முடித்தேன். பொங்கல் அன்றைக்குப் பானை பொங்கும் சத்தத்தைப் படுக்கையிலிருந்து கேட்டேன். தினமும் ஆள் வந்து வசூலிக்கும் தண்டல் கடன் வாங்கியவர்களுக்கு இது புரியும். கைக்கு வரும்போது முழுசாக வந்த மாதிரி இருக்கும், மறுநாளிலிருந்து வாசலில் ஆள் வந்து நிற்பார், கொடுத்ததைவிடக் கூடவே வாங்கிக்கொண்டு போவார்.

நோட்டு போடுங்கள்

இரண்டு வாரம், அவ்வளவுதான். போனில் செயலிகள் உண்டு, எனக்குச் சரிப்படவில்லை, போனை எடுத்தால் வேறெங்கோ போய்விடுவேன். ஒரு சின்ன நோட்டில் நாலு கட்டம்: என்ன வேலை, எத்தனை நிமிஷம், முடித்தபோது வலி பத்துக்கு எவ்வளவு, மறுநாள் காலை எப்படி. கடைசிக் கட்டத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள், நிறையப் பேருக்கு அடி உடனே விழாது. இந்த இரண்டு வாரமும் எதையும் மாற்ற வேண்டாம், வழக்கம்போல இருங்கள்.

என் நோட்டு எனக்கே ஆச்சரியம். துணி துவைப்பதுதான் எதிரி என்று நம்பியிருந்தேன். பார்த்தால் பஸ். கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் போகிற ஒரு மணி நேரத்தில் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுபோன நாட்களுக்கு மறுநாள்தான் தோளும் மணிக்கட்டும் எட்டு, ஒன்பது என்று இருந்தது. உட்கார இடம் கிடைத்த நாட்களில் நாலு, ஐந்துதான். அடுத்த ஆச்சரியம், மாதாமாதம் 20-ம் தேதி ஜிஎஸ்டி கெடு. அந்த வாரம் நான் நாற்காலியை விட்டு எழுந்தே இருக்க மாட்டேன், இருந்தும் 21-ம் தேதி உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருக்கும். மூளை வேலையும் செலவுதான். சத்தமும் செலவு, வெயிலும் செலவு, ஒருத்தரோடு மல்லுக்கு நிற்பதும் செலவு. இதையெல்லாம் சேர்த்து எழுதினால்தான் கணக்கு நேர்ப்படும்.

அளவு கண்டுபிடிப்பது

நோட்டிலிருந்து ஒரே ஒரு வேலையை எடுங்கள். நான் எடுத்தது அடுப்படியில் நிற்பது. வலி ஏறத் தொடங்கும் வரை ஐந்து நாளில் நின்ற நேரம் 20, 35, 15, 25, 30 நிமிஷம். கூட்டினால் 125, சராசரி 25. அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் 20 நிமிஷம். இதுதான் ஆரம்ப அளவு. மோசமான நாளிலும் ஏறக்குறைய செய்ய முடிகிற அளவாக இருக்க வேண்டும், முடியவில்லை என்றால் இன்னும் குறையுங்கள், 10 ஆனாலும் பரவாயில்லை, 5 ஆனாலும் பரவாயில்லை. சிலருக்குக் குளிப்பதே அன்றைய பெரிய வேலையாக இருக்கும், அவர்கள் அங்கிருந்து தொடங்க வேண்டியதுதான், இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இப்போது கஷ்டமான இடம். 20 நிமிஷம் ஆனதும் நிறுத்த வேண்டும். வலிக்கவில்லை என்றாலும் நிறுத்த வேண்டும். சாம்பாருக்குத் தாளிப்பு மட்டும்தான் பாக்கி என்றாலும் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார வேண்டும். நான் போன் அலாரத்தை அடுப்படியில் வைக்காமல் கூடத்தில் வைத்தேன், அணைக்கவாவது வெளியே வந்தாக வேண்டும் இல்லையா, வந்தால் அப்படியே சாய்ந்துவிடலாம். "இன்னும் ரெண்டே நிமிஷம்" என்று மனசு சொல்லும், அந்த இரண்டு நிமிஷத்தில்தான் தண்டல்காரர் உள்ளே நுழைகிறார். நல்ல நாளில் இது இன்னும் கஷ்டம், ஏனென்றால் நிறுத்தச் சொல்ல வலி இருக்காது, கடிகாரம் மட்டும்தான் இருக்கும். மோசமான நாளில் ஜாக்கிரதையாக இருக்க யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை, உடம்பே பார்த்துக்கொள்ளும்.

ஓய்வு என்றால் கண்ணை மூடிச் சாய்வது, மூச்சை மெதுவாக விடுவது, 10 நிமிஷம் போதும். ரீல்ஸ் பார்ப்பது ஓய்வில்லை. அதேபோல நாள் முழுக்கப் படுத்தே கிடப்பதும் மருந்தில்லை, தசை இளைத்து மூட்டு இறுகி அடுத்த வாரம் இன்னும் குறைவாகத்தான் முடியும்.

வீட்டில் மாற்றிக்கொள்ளச் சில

அடுப்படியில் ஒரு உயரமான ஸ்டூல் போடுங்கள், இதுவே பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும். தரையில் உட்கார்ந்து அரிவாள்மனையில் நறுக்குவதை விட்டு மேஜைமேல் கத்தியில் நறுக்குங்கள், நறுக்கும் வேலையை முதல் நாள் ராத்திரியே உட்கார்ந்தபடி முடித்துவிடலாம். கிரைண்டரில் ஒரே நாளில் வாரத்துக்கு ஆட்டி, கல்லைத் தூக்கிக் கழுவி, அப்புறம் கையைப் பிடித்துக்கொண்டு உட்காருவதற்குப் பதில் பாதி பாதியாக ஆட்டலாம், இல்லையென்றால் தெருமுனையில் மாவு வாங்கிக்கொள்ளுங்கள், கடைமாவு இட்லி சாப்பிட்டு யாரும் கெட்டுப்போனதில்லை. குடத்தைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். பெரிய துணியைப் பிழியாமல் அப்படியே கொடியில் சொட்டவிட்டால் மணிக்கட்டு வாழ்த்தும். குனிகிற வேலை, நிற்கிற வேலை, உட்காருகிற வேலை என்று மாற்றி மாற்றி அடுக்குங்கள், ஒரே மாதிரி வேலை இரண்டு அடுத்தடுத்து வரக்கூடாது. பெருக்கிய கையோடு துடைப்பது என்பது நம் ஊர்ச் சட்டம் மாதிரி ஆகிவிட்டது. காலையில் பெருக்கி சாயங்காலம் துடைத்தால் வீடு ஒன்றும் கோபித்துக்கொள்ளாது.

மார்கழியில் கோலம் போடாமல் என்னால் இருக்க முடியாது, அதனால் விடவில்லை. ஒரு குட்டி முக்காலி, ஆறு புள்ளிக்கு மேல் போவதில்லை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வண்ணம். இதைச் சொல்வதற்குக் காரணம், பிடித்ததையெல்லாம் வெட்டிவிட்டுக் கடமையை மட்டும் வைத்துக்கொண்டு வாழ்வதற்கு இந்த வழிமுறை அல்ல. அன்றைய அளவில் ஒரு பங்கு உங்களுக்குப் பிடித்ததற்கு என்று முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள்.

வெளியே போகும் நாள்

அக்னி நட்சத்திரத்தில் நம் ஊர்ப் புழுக்கத்தில் 10 மணிக்கு மேல் வெளியே போனால் செலவு இரட்டிப்பு என்று போட்டுக்கொள்ளுங்கள். புதுச்சேரி பெரிய மார்க்கெட்டுக்குப் போவதானால் எல்லாம் ஒரே நாளில் வேண்டாம், காய் ஒரு நாள், மளிகை ஒரு நாள், இரண்டு கைக்கும் சம எடையாகப் பை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளை ஓய்வு நாள் என்று நினைக்காதீர்கள், விடிகாலையில் சீட்டு எடுப்பதிலிருந்து மருந்து வாங்கும் வரிசை வரை அது முழு வேலை நாள். நான் இப்போது நிறைந்து வரும் பஸ்ஸை விட்டுவிட்டு, புறப்படும் இடத்துக்கே போய் அடுத்த பஸ்ஸில் உட்கார்ந்துகொள்கிறேன். 20 நிமிஷம் தாமதமாகிறது. ஆபீசில் சொல்லிவிட்டேன், முதலில் முகம் சுளித்தார்கள், அப்புறம் லீவு குறைந்ததைப் பார்த்து ஒன்றும் சொல்வதில்லை.

கல்யாணம் ஒரு தனிக் கதை. முகூர்த்த நாளில் திருவந்திபுரம் போயிருந்தால் தெரியும், தேவநாதசாமி கோயிலைச் சுற்றி ஒரே நாளில் எத்தனை கல்யாணம் நடக்கும் என்று. கூட்டம், மேளம், செருப்பு தேடுவது, சாப்பாட்டுப் பந்திக்கு நாற்காலிக்குப் பின்னால் நின்று இடம் பிடிப்பது, எல்லாம் சேர்ந்தால் எனக்கு நாலு நாள் செலவு. நான் செய்வது: முதல் நாளும் மறுநாளும் எந்த வேலையும் வைத்துக்கொள்வதில்லை. வரவேற்பு, முகூர்த்தம் இரண்டில் ஒன்றுக்கு மட்டும்தான் போவேன். போனதும் சுவரோரம் ஒரு நாற்காலி, பார்க்க வேண்டியவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள், இந்த வயதிலேயே பெரியமனுஷி ஆகிவிட்டேன். படியேறி ஹயக்ரீவரைப் பார்ப்பதை வேறு ஒரு நாளுக்கு நேர்ந்துகொண்டுவிடுவேன், சாமி காத்திருப்பார், நாத்தனார்தான் காத்திருக்க மாட்டார்.

வீட்டு மனிதர்களிடம் சொல்வது

இதற்கு என்னிடம் முழு மருந்து இல்லை. என் மாமியார் ரொம்ப நாள், "நேத்து நல்லாத்தானேம்மா இருந்த, இன்னிக்கு என்ன?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வலியைப் பற்றி எவ்வளவு விளக்கினாலும் அவருக்கு ஏறவில்லை. ஒரு நாள் நோட்டைக் காட்டினேன். "அத்தை, நேத்து நல்லா இருந்தேன்னு கூட ரெண்டு மணி நேரம் செஞ்சேன் பாருங்க, அதுக்குத்தான் இன்னிக்கு" என்றேன். தண்டல் கணக்கு அவருக்கு அத்துப்படி, மீன் வியாபாரத்துக்கு வாங்கி வாங்கிக் கட்டியவர். "அப்ப வாங்காத" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். பொத்தாம்பொதுவாக "எனக்கு உதவி பண்ணுங்க" என்பதைவிட "செவ்வாய் வெள்ளி தண்ணி நீங்க பிடிங்க" என்று வேலையைப் பெயர் சொல்லிக் கேட்டால் நடக்கிறது, இது என் அனுபவம். வீட்டில் நடமாட முடியாத பெரியவர் இருந்தால், 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் கடலூர்ப் பக்கம் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். அது தமிழ்நாட்டுத் திட்டம், புதுச்சேரிக்காரர்களுக்குக் கிடையாது.

யார் அளவை ஏற்றக் கூடாது

தாண்டிப் போகாதீர்கள் என்று சொன்ன இடம் இதுதான். சிலருக்கு வலியைவிட அசதி முதன்மை, அதிலும் கொஞ்சம் கூடுதலாகச் செய்துவிட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது, ஒரு நாள் இரண்டு நாள் கழித்துக் காய்ச்சல் அடித்த மாதிரி விழுந்துவிடுவார்கள், மூளை மந்தமாகிவிடும், எழ நாட்களோ வாரங்களோ ஆகும். மயால்ஜிக் என்செஃபலோமயலிடிஸ் என்கிற நாள்பட்ட அசதி நோய்க்கு இதுதான் அடையாளம், கோவிட்டுக்குப் பிறகு சிலருக்கும் இப்படி வருகிறது. இவர்களிடம் "தினம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க, பழகிடும்" என்று சொல்வது உதவியில்லை, கெடுதல். இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021-ல் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே, இந்த நோய்க்காரர்களுக்குத் திட்டம் போட்டு ஏற்றிக்கொண்டே போகும் உடற்பயிற்சி கூடாது என்று எழுதிவிட்டார்கள். உங்கள் நோட்டின் நாலாவது கட்டம் இப்படிக் காட்டினால் அளவுக்குள் இருப்பதுதான் உங்கள் வேலை, அதற்கு மேல் எதுவானாலும் டாக்டரோடு பேசித்தான்.

மற்றவர்கள் ஏற்றுவது

இரண்டு வாரம் ஒரே அளவில் பெரிய ஏற்ற இறக்கம் இல்லாமல் ஓடினால் ஏற்றலாம், பத்தில் ஒரு பங்குதான், ஒரு சமயத்தில் ஒரு வேலையில் மட்டும்தான். 20 நிமிஷம் 22 ஆகும். சிரிப்பாக இருக்கும், இருந்தாலும் அப்படித்தான்.

நடுவில் வலி எகிறும் நாள் வரத்தான் செய்யும், மழை, மாதவிலக்கு, சளிக்காய்ச்சல், சில சமயம் காரணமே இருக்காது. அன்றைக்கு என்ன செய்வது என்று நல்ல நாளிலேயே ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ்மேல் ஒட்டிவிடுங்கள்: எந்த மருந்து எந்த அளவில் என்று டாக்டர் சொன்னது, வெந்நீர் ஒத்தடம், அன்றைக்கு எது நின்றாலும் பரவாயில்லை, ரசமும் அப்பளமும் போதும், யாருக்குப் போன் பண்ணுவது. அளவைப் பாதியாக்குங்கள், பூஜ்யம் ஆக்காதீர்கள், படுத்த இடத்திலேயே கை காலை மடக்கி நீட்டுங்கள். அடங்கியதும் பழைய அளவுக்கு ஒரே நாளில் தாவ வேண்டாம், மூன்று நாலு நாளில் ஏறி வாருங்கள்.

நடை தொடங்குபவர்களுக்கு ஒன்று. தேவனாம்பட்டினம் பீச் மணல் ஆரம்பத்துக்குச் சரிவராது, கால் புதைந்து இழுக்கும். புதுச்சேரி பீச் ரோடு சமதரை, சாயங்காலம் 6 மணிக்கு மேல் வண்டிகளும் கிடையாது, உட்கார இடமும் உண்டு. ஒரே ஒரு சங்கதி, திரும்பி வருவதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். உங்கள் அளவு 6 நிமிஷம் என்றால் மூன்றாவது நிமிஷம் திரும்பிவிட வேண்டும், காற்று எவ்வளவு நன்றாக அடித்தாலும். நான் காந்தி சிலையிலிருந்து அப்படித்தான் ஆரம்பித்தேன், சுண்டல்காரரைத் தாண்டுவதற்குள் திரும்பினேன். இப்போது 16 நிமிஷம். டூப்ளே சிலை தூரத்தில் தெரியும்போதே போனில் அலாரம் அடித்துவிடுகிறது, வீட்டுக்காரர் "வந்ததே வந்தோம், அதுவரைக்கும் போயிட்டு வந்துடலாமே" என்பார். நான் திரும்பி நடக்க ஆரம்பித்திருப்பேன்.